மரக்கறிச் சட்டியும் கையடக்க விளையாட்டும்

நலம் பேணுவோம் – மருத்துவப் பகுதி

சைவச் சாப்பாடு என்றால் பாலும் தயிரும் மோரும் நெய்யும் அதில் அடங்கும் என்பது நம்மவர்களின் பழைய வழக்கம். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் மீன், இறைச்சி, முட்டை வீட்டுக்குள் வராது. ஆனால் பின்னேரம் பால் தேநீர் இல்லாமல் ஒருவரும் இருப்பதில்லை. இப்பொழுது வோபர்ன் பகுதியிலுள்ள நம் வீடுகள் சிலவற்றில் பிள்ளைகள் இவ்வழக்கத்தைத் தாண்டி இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். பால், தயிர், நெய் மட்டுமல்ல, தேனும் வேண்டாம் என்கிறார்கள். இவ்வகை உணவை ஆங்கிலத்தில் வீகன் என்று அழைக்கிறார்கள். இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1944ஆம் ஆண்டில் உருவாக்கிய சொல் அது. தமிழில் நனிசைவம் என்று சொல்கிறார்கள்.

அதே பிள்ளைகள் சிலரின் கையில் இன்னொரு பொருளையும் காணலாம். பெற்றோர் இளமையில் கண்ட, அல்லது காணக் கிடைக்காத, பழைய கையடக்க விளையாட்டுக் கருவி. எல்லாம் செய்யும் கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு விளையாட்டு மட்டும் உள்ள, நிறம்கூட இல்லாத பெட்டியை விரும்பிக் கையில் எடுக்கிறார்கள்.

இவை இரண்டும் குறைத்துக்கொண்டு வாழ விரும்பும் மனத்திலிருந்து வருபவை. அம்மனம் நல்லது. ஆனால் ஒன்றைக் குறைக்கும்போது அதனோடு சேர்ந்து வேறு எது குறைகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். உணவில் அப்படி விடுபட்டுப்போகும் ஒரு சத்து, வீட்டிலுள்ளவர்கள் அறியாமல் இருந்தால், நிரந்தரமான நரம்புச் சேதத்தில் கொண்டுபோய் விடலாம். விளையாட்டுக் கருவியிலும் ஒரு சிறு பொருள் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அவை இரண்டையும் விளக்குவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கமாகும்.

பாதி வேலை முடிந்த சமையல்

பிள்ளை நனிசைவம் என்று சொன்னதும், “இனி இவனுக்கு எதைச் சமைக்கிறது?” என்று தலையில் கை வைக்கும் தாய்மார் உண்டு. அவ்வளவு கவலை வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சமையலில் இதற்கான வேலை பாதி ஏற்கெனவே முடிந்திருக்கிறது. பாற்கறியும் சொதியும் தேங்காய்ப்பாலில் செய்பவை. இடியப்பமும் சொதியும், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், சோறும் பருப்பும் முருங்கையிலை வறையும், மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் ஆகிய இவற்றில் எதிலும் மாட்டுப்பால் ஒரு துளியும் இல்லை. பயற்றங்கஞ்சி, எள்ளுப்பாகு, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிய உளுத்தங்களி, பனங்கட்டி சேர்த்த பயற்றம்பணியாரம் என்று இனிப்புப் பக்கமும் வெறுமையாக இல்லை.

வோபர்னில் இவற்றுக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதும் இல்லை. மார்க்கம் வீதியிலும் லோரன்ஸ் அவென்யூவிலும் உள்ள நம்மவர் கடைகளில் முருங்கையிலை, வல்லாரை, பயற்றங்காய், குரக்கன் மா, ஒடியல் மா எல்லாம் கிடைக்கின்றன. கனடிய அரசு 2019 ஜனவரியில் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் பாலுக்கென்று முன்பு இருந்த தனிப் பிரிவு எடுக்கப்பட்டு, புரதத்தைத் தாவரங்களிலிருந்து அடிக்கடி பெறுமாறு சொல்லப்பட்டிருக்கிறது. ஆகையால் பிள்ளையின் விருப்பத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குவது சரியல்ல.

அம்மம்மாவின் கைப்பக்குவத்துக்கு இப்பொழுது புதிய மதிப்பு வந்திருக்கிறது. மோர்க்குழம்புக்குப் பதிலாகப் பழப்புளி, தாளிக்க நெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய், பால் பாயசத்துக்குப் பதிலாகப் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் என்று அவர் சொல்லிக்கொடுத்தால், கடையில் அதிக விலைக்கு விற்கும் பதப்படுத்திய “தாவர இறைச்சி” தேவைப்படாது. அவற்றில் பலவற்றில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பெட்டியிலுள்ள விபரத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஒளிந்திருப்பவையும் பெயரில் மட்டும் பாலும்

கடையில் வாங்கும் பொருள்களில் சில ஏமாற்றும். போத்தலில் அடைத்த சீனிச்சம்பலிலும் கட்டைச்சம்பலிலும் மாசிக்கருவாடு இருப்பது சாதாரணம். பால் வேண்டாம் என்ற பிள்ளைக்கு மட்டுமல்ல, வெள்ளிக்கிழமை விரதகாரருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கடை ரொட்டியிலும் பணிசிலும் முட்டை, பால்மா, வெண்ணெய் சேர்ந்திருக்கலாம். மருந்துக் குளிசைகளிலும் கூட்டுக்குள் அடைத்த வகை பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுத்த ஜெலற்றினால் ஆனது. மருந்தாளரிடம் கேட்டால் பலவற்றுக்கு மாற்று வகை எடுத்துத் தருவார். கேட்காமல் மருந்தை நிறுத்திவிடுவதுதான் தவறு.

தேங்காய்ப்பால் பெயரில் மட்டுமே பால். மாட்டுப்பாலில் உள்ள புரதமோ கல்சியமோ அதில் அந்த அளவுக்கு இல்லை. நிறை கொழுப்பு மட்டும் நிறைய உண்டு. இதய நோயும் நீரிழிவும் மிகுந்த நம் சமூகத்தில் தினமும் மூன்று வேளையும் முதற்பாலில் குளித்த கறி நல்லதல்ல. இரண்டாம் பாலில் வேகவைத்து, முதற்பாலை விசேட நாளுக்கு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அதுபோலவே வாதுமை, ஓட்ஸ், அரிசி என்று பெட்டியில் வரும் “பால்”களும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. சோயாப் பாலில்தான் மாட்டுப்பாலுக்குக் கிட்டிய புரதம் உண்டு. சத்துச் சேர்க்கப்பட்டது என்று பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும். சேர்த்த கல்சியம் அடியில் தங்கிவிடுவதால் ஊற்றுமுன் நன்றாகக் குலுக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வாதுமைப் பாலையோ அரிசிப் பாலையோ முக்கிய பாலாகக் கொடுக்கவே கூடாது. தாய்ப்பால் கிடைக்காத கைக்குழந்தைக்கு அதற்கென்று செய்த சோயாப் பால்மா உண்டு. அதைக் குழந்தை வைத்தியரிடம் கேட்டுக் கொடுக்கலாம்.

விடுபட்டுப்போகும் சத்து: விற்றமின் பி12

மனித உடம்புக்குத் தேவையான சத்துக்களில் தாவர உணவில் நம்பிக்கையாகக் கிடைக்காதது விற்றமின் பி12 ஆகும். இதை மாடும் செய்வதில்லை, கீரையும் செய்வதில்லை. நுண்ணுயிர்களே செய்கின்றன. மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் செய்வதால் அது பாலில் வருகிறது. மாட்டுப்பாலையும் முட்டையையும் நிறுத்தியவருக்கு வாசல் முழுவதும் அடைபட்டுவிடுகிறது. இட்லிமா புளிக்கும்போது பி12 உண்டாகிறது, கடற்பாசியில் நிறைய உண்டு என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. அவற்றை நம்பி இருக்கக் கூடாது. கடற்பாசி வகைகள் சிலவற்றில் இருப்பது பி12ஐப் போலத் தோன்றி உடம்புக்கு உதவாத பொருள்.

இச்சத்தின் கதையில் பம்பாய்க்கும் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் 1928ஆம் ஆண்டில் அங்கு வந்து, கர்ப்பிணிகளான ஏழைத் தொழிலாளப் பெண்களிடையே கண்ட கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். மார்மைற் என்ற ஈஸ்ற் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931இல் எடுத்துக்காட்டினார். இலங்கையில் பாணில் பூசிச் சாப்பிட்ட அதே மார்மைற்தான். அதில் வேலை செய்தது ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் இரத்தச்சோகையுடன் நரம்பும் கெடும் இன்னொரு வகை நோய்க்கு ஃபோலிக் அமிலம் போதவில்லை. அதற்கு வேண்டிய பி12, 1948இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பைக் கண்டறிந்த டொரத்தி ஹொட்ஜ்கின் அம்மையாருக்கு 1964இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்மைப்போலக் குடியேறிய மக்களிடையேயும் இக்குறை காணப்பட்டிருக்கிறது. லண்டன் ஹரோ பகுதியில் வாழ்ந்த சைவ உணவினரான இந்துக்களிடையே பி12 குறைவினால் வந்த இரத்தச்சோகையைப் பற்றி 1985ஆம் ஆண்டில் லான்செற் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பலர் பால் குடிப்பவர்கள். பாலை நெடுநேரம் காய்ச்சும்போது பி12இல் ஒரு பகுதி அழிந்துபோகிறது. பால் குடித்தவர்களுக்கே அந்நிலை என்றால், பாலையும் விட்டவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இக்குறை உடனே தெரிவதில்லை என்பதுதான் ஆபத்து. ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பில் இருக்கும். பால் நிறுத்திய முதல் வருடம் பிள்ளை துள்ளிக்கொண்டு திரிவான். “பார்த்தீர்களா, எனக்கு ஒன்றும் இல்லை” என்பான். மூன்றாம், நான்காம் வருடத்தில்தான் களைப்பு, கால்களில் விறைப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும், இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம், மறதி, எரிச்சல், நாக்குச் சிவந்து புண்ணாதல் ஆகியவை தோன்றும். நம் நிறத் தோல் உள்ளவர்களுக்கு விரல் மூட்டுகளின் மேல் கறுப்பு ஏறுவதும் ஓர் அடையாளம். காலம் கடத்தினால் முள்ளந்தண்டிலுள்ள நரம்புகள் கெட்டு, பின்னர் எத்தனை ஊசி போட்டாலும் முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

இதில் கனடாவுக்குரிய விடயம் ஒன்றும் உண்டு. 1998 முதல் இங்கு வெள்ளைக் கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஃபோலிக் அமிலம் தாராளமாகக் கிடைப்பவருக்கு, பி12 குறைந்திருந்தாலும் இரத்தச்சோகை வெளியே தெரியாமல் இருக்கக் கூடும். நரம்புச் சேதம் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். ஆகவே இரத்தம் நன்றாக இருக்கிறது என்ற ஒரு சொல்லோடு திருப்தியடையாமல், பி12 அளவைப் பார்க்கும்படி குடும்ப வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டியவர்கள் மூன்று வகையினர்.

முதலாவது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும். தாயிடம் பி12 இல்லையென்றால் தாய்ப்பாலிலும் இல்லை. பிறந்து சில மாதங்களில் குழந்தை சோர்ந்து, பால் குடிக்க மறுத்து, கழுத்து நின்ற பிள்ளை மீண்டும் தளர்ந்துபோகும் நிலையும் வரலாம். இது முற்றாகத் தடுக்கக்கூடிய துன்பம்.

இரண்டாவது, நீரிழிவுக்கு மெற்ஃபோமின் குளிசையை வருடக்கணக்கில் எடுப்பவர்கள். அது பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கால் விறைப்பை நீரிழிவின் மேல் பழிபோட்டு விட்டுவிடுவதும் உண்டு.

மூன்றாவது, முதியவர்களும் நெஞ்செரிவுக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும். இரைப்பை அமிலம் குறைந்தால் உணவிலுள்ள பி12 பிரிந்து வருவது கடினம். பேரனோடு சேர்ந்து தாத்தாவும் பாலை நிறுத்தினால், முதலில் விழப்போகிறவர் தாத்தாதான்.

பரிகாரம் மிக எளிது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 2.6, பாலூட்டும் தாய்க்கு 2.8. குளிசையாக எடுக்கும்போது சிறு பகுதியே உள்ளே சேர்வதால், நாளுக்கு 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2000 மைக்ரோகிராம் எடுப்பது நனிசைவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கலாம். நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிப்பதால் மிருகப் பொருள் என்ற தயக்கமும் தேவையில்லை. அறிகுறி ஏற்கெனவே உள்ளவர்கள் தாமாகக் குளிசை வாங்காமல் முதலில் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். சிலருக்கு ஊசியே வேண்டியிருக்கும்.

மற்றச் சத்துக்கள்

விற்றமின் டி: கனடாவில் மாட்டுப்பாலில் இதைச் சேர்ப்பது கட்டாயம். பாலை நிறுத்தியவர் அதையும் இழக்கிறார். ரொறன்ரோவில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை வெயில் தோலில் பட்டாலும் போதிய விற்றமின் டி உண்டாகாது. கறுத்த தோலுக்கு இன்னும் குறைவு. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நாளுக்கு 400 அலகு குளிசையாக எடுக்க வேண்டும் என்பது கனடிய அரசின் ஆலோசனை.

கல்சியம்: குரக்கன், எள்ளு, கல்சியம் சேர்த்து உறையவைத்த தோஃபு, சத்துச் சேர்த்த சோயாப் பால் ஆகியவற்றில் உண்டு. பசளிக் கீரையில் உள்ள கல்சியத்தை அதிலுள்ள ஒட்சாலிக் அமிலம் பிடித்து வைத்துக்கொள்வதால் அதை மட்டும் நம்ப முடியாது.

இரும்பு: பருப்பு, கடலை, பயறு, கீரைகளில் உண்டு. சாப்பாட்டில் தேசிக்காய்ப்புளி விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் தடைப்படும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம்.

அயடீன்: கனடாவில் 1949 முதல் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்கப்படுகிறது. கடல் உப்பும் இந்துப்பும் அதற்கு உட்படாதவை. ஆரோக்கியம் என்று எண்ணி இந்துப்புக்கு மாறிய நனிசைவ வீட்டில் கழுத்துக்கழலை வர இடமுண்டு.

இன்னொன்றையும் பெற்றோர் மனதில் வைத்திருக்க வேண்டும். பிள்ளை முதலில் பாலை விட்டு, பின்னர் சோற்றை விட்டு, பின்னர் எண்ணெயை விட்டு, நிறையும் குறைந்து, மாதவிலக்கும் நின்றுவிட்டால் அது கொள்கை அல்ல, நோய். அப்படியான பிள்ளையைக் கண்டித்துப் பயனில்லை. தாமதியாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்ல வேண்டும்.

கையிலுள்ள பழைய பெட்டி

இனி விளையாட்டுக் கருவிக்கு வருவோம். ஜப்பானின் நின்ரெண்டோ நிறுவனத்தில் வேலை செய்த குன்பெய் யோக்கோய் என்பவர் 1980இல் கேம் அண்ட் வொச் என்ற சிறு கருவியை உருவாக்கினார். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கணக்குப் பார்க்கும் கருவியைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். 1982இல் வந்த டொங்கி கொங் கருவியில் இடதுகைப் பெருவிரலுக்காக அமைந்த சிலுவை வடிவப் பொத்தான், இன்றைய விளையாட்டுக் கருவிகள் வரை தொடர்கிறது.

1989இல் கேம் போய் வந்தது. நான்கு சிறு பற்றரிகள், பச்சைச் சாயலில் நான்கு தரம் கொண்ட நிறமில்லாத திரை, உள்விளக்கு இல்லை. அதே ஆண்டில் வேறு நிறுவனத்தார் நிறத் திரையும் உள்விளக்கும் கொண்ட லிங்ஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். அது ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. கேம் போய் நாள் முழுவதும் ஓடியது. விற்பனையில் வென்றதும் அதுவே. புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் தேடாமல், பழகி மலிந்துபோனதை எடுத்துப் புதிய கோணத்தில் பயன்படுத்து என்பது யோக்கோயின் கொள்கை. வீட்டில் இருக்கும் பயறையும் தேங்காயையும் கொண்டு நனிசைவப் பாயசம் கிண்டும் அம்மம்மாவுக்கு இக்கொள்கையை விளக்க வேண்டிய தேவையில்லை.

நம் சமூகத்தில் இக்கருவிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்காபரோவில் பிள்ளைகள் கேம் போய் விளையாடிய 1990களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அன்று அங்கே பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று வோபர்னில் பெற்றோர். மகன் ஒரு பழைய கருவிக்குப் பற்றரி வாங்கும்போது தகப்பனின் முகத்தில் வரும் மாற்றத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பிள்ளை கேட்டால் அக்காலத்தைச் சொல்லிக்கொடுக்க நல்ல சந்தர்ப்பம்.

கையும் கண்ணும்

கைத்தொலைபேசி விளையாட்டை விடப் பழைய கருவியில் சில நன்மைகள் உண்டு. விளம்பரம் இல்லை, காசு கேட்பதில்லை, இடையில் செய்தி வந்து இழுப்பதில்லை. உள்விளக்கு இல்லாத கருவியைப் போர்வைக்குள் வைத்து விளையாடவும் முடியாது. ஆனால் இப்பொழுது பலர் பழைய கருவிக்கு ஒளித்திரை பொருத்திக்கொள்கிறார்கள். அப்போது நித்திரைக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

கையைப் பொறுத்தவரை பழையதும் புதியதும் ஒன்றுதான். நின்ரெண்டோ விளையாடிப் பெருவிரல் தசைநாணில் வந்த வலியைப் பற்றி 1990இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதப்பட்டது. மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் தசைநாண் உறை தடித்து வலிப்பதை, சுவிஸ் வைத்தியர் ட கேர்வாங் 1895இல் விவரித்தார். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் இது வரும். பெருவிரலை உள்ளே மடித்து முட்டி பிடித்து, கையைச் சின்னிவிரல் பக்கம் சரிக்கும்போது சுள்ளென்று வலித்தால் அதுவாக இருக்கலாம். சில வாரம் ஓய்வு கொடுத்தும், கட்டுப் போட்டும் போகாவிட்டால் வைத்தியரைக் காண வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கருவியைக் கீழே வைத்துக் கையை உதறி, யன்னலூடாகத் தூரப் பார்ப்பது பெருவிரல், கழுத்து, கண் மூன்றுக்கும் நல்லது.

வளரும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை கூடுவதற்கு அண்மையில் வைத்துப் பார்ப்பதோடு வெளிவெளிச்சம் குறைவதும் காரணம். சீனாவின் குவாங்சோ நகரில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருந்த பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை குறைவாகவே வந்தது. ஆகவே முதலில் வெளியே, பிறகு பெட்டி என்று வீட்டில் ஒரு முறை வைத்துக்கொள்ளலாம்.

கேம் போய் கருவியோடு சேர்த்து விற்கப்பட்ட ரெற்றிஸ் விளையாட்டை, 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னவ் உருவாக்கினார். அதைப் பற்றி ஒக்ஸ்ஃபோர்ட் மருத்துவமனையில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. வாகன விபத்தில் சிக்கி அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள், அச்சம்பவத்தைச் சிறிது நினைவுகூரச் செய்தபின், கையடக்கக் கருவியில் ரெற்றிஸ் விளையாடச் செய்தார்கள். அவர்களுக்கு அடுத்த வாரத்தில் விபத்துக் காட்சிகள் தாமாக மனதில் தோன்றுவது குறைந்திருந்தது. போரின் நினைவுகளோடு வாழும் நம் சமூகத்துக்கு இது கவனிக்கத்தக்க செய்தி. ஆயினும் பல ஆண்டு பழைய மனக்காயத்துக்கு இது சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நித்திரையில் திடுக்கிட்டு எழுபவர்கள் அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பொத்தான் பற்றரி: உடனே செய்ய வேண்டியவை

பழைய கேம் அண்ட் வொச் கருவிகளில் பொத்தான் போன்ற சிறு பற்றரிகள் உண்டு. அவற்றின் மூடி எளிதில் கழன்றுவிடும். கேம் போய் விளையாட்டுத் தட்டுகள் சிலவற்றுக்குள்ளும், விளையாட்டைச் சேமித்து வைக்க ஒரு வட்டப் பற்றரி உண்டு. ஆண்டுகள் கழிந்து அது செத்துப்போனதும் பிள்ளைகள் திறந்து மாற்றுகிறார்கள். அப்போது மேசையில் கிடக்கும் பழையதும் புதியதும் தவழும் குழந்தையின் வாய்க்குள் போகலாம்.

தொண்டைக்குக் கீழே உணவுக் குழாயில் சிக்கிய பற்றரியிலிருந்து ஈரத்தின் ஊடாக மின்சாரம் பாய்ந்து, அவ்விடத்தில் காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் குழாய் வெந்துவிடும். பழைய, சக்தி தீர்ந்த பற்றரியும் இதைச் செய்யும். வீணீர் வடிதல், சாப்பிட மறுத்தல், இருமல் காணலாம். ஒன்றும் காணாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும்: 911ஐ அழைக்க வேண்டும், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சோறு, தண்ணீர் கொடுக்கக் கூடாது.

ஒரு வயது கடந்த, விழுங்கக்கூடிய குழந்தைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம். அது வேக்காட்டைக் குறைக்கும். தேனுக்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் ஆகாது. தேன் சாப்பிடாத நனிசைவ வீட்டிலும் சிறு குழந்தை இருந்தால் ஒரு போத்தல் தேன் மருந்தாக இருக்கட்டும்.

மூக்குக்குள்ளோ காதுக்குள்ளோ போட்ட பற்றரியும் இதே அவசரம்தான். கழற்றிய பற்றரிகளின் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்து, பின்னர் பற்றரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

பெரியவர்களுக்கு

பிள்ளை நெய் வேண்டாம் என்றால், தெரியாமல் ஒரு கரண்டி விட்டுவிடும் தாய்மாரும் பேத்திமாரும் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் ஒருநாள் அது தெரியவந்தால், பிள்ளை அந்த வீட்டுச் சட்டியையே நம்பாமல் கடைச் சாப்பாட்டுக்குப் போய்விடும். நெய்யை ஒளித்து ஊற்றும் அக்கறையைப் பி12 குளிசையை நினைவூட்டுவதில் காட்டினால் பிள்ளைக்கு உண்மையான நன்மை உண்டாகும். கோயில் மடைப்பள்ளியிலும் பொங்கலில் நெய் விடுமுன் ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்து வைப்பது பெரிய சிரமமல்ல. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய சங்கடம் பிள்ளைக்கும், கொடுத்ததைத் திருப்பி வாங்கும் வருத்தம் பெரியவருக்கும் இல்லாமல் போகும்.

பிள்ளைகளும் தம் பங்கைச் செய்ய வேண்டும். அம்மம்மாவின் பாற்கறியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குளிசையை மறக்காதீர்கள். பற்றரியை மேசையில் விட்டுவிட்டு எழும்பாதீர்கள். நேரம் கிடைத்தால் தாத்தாவின் கையில் அந்தப் பெட்டியைக் கொடுத்து, விழும் கட்டைகளை எப்படி அடுக்குவது என்று காட்டிக் கொடுங்கள். அவருடைய பி12 பரிசோதனை எப்போது செய்தது என்றும் அப்படியே கேட்டு வையுங்கள்.

அடுத்த இதழில்: பனிக்காலத்தில் வழுக்கி விழாமல் இருப்பது எப்படி?